நுரையீரலின் வாய்க்கால்கள்

பள்ளிக்கூடத்தில் தேகக் கூறுகளைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர், கரும்பலகையில் இரண்டு பைகளை வரைந்து, மேலே ஒரு குழாயைச் செருகி, "இவைதாம் நுரையீரல்கள், காற்றுப் பைகள்" என்று சொல்லி முடித்துவிடுவார். மாணாக்கர்களும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அது பாதி உண்மைதான். நுரையீரல் எவ்வளவுக்குக் காற்றுப் பையோ அவ்வளவுக்கு அது ரத்தப் பையுமாகும். சரீரத்தில் ஓடும் ரத்தம் முழுவதும், நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் வீதம், அதன் வழியாகப் போய்த்தான் தீரவேண்டும். மூளைக்குப் போகும் ரத்தம் ஒரு பங்கு, வயிற்றுக்குப் போவது ஒரு பங்கு. நுரையீரலுக்கோ மொத்தமும் போகிறது.

இந்த மறு பாதி உண்மையைப் பற்றியே இவ்வாரம் எழுத உத்தேசம். நாட்பட்ட நுரையீரல் நோய் என்றால் இருமல், கோழை, இழுப்பு இவற்றைத்தான் நாம் நினைக்கிறோம். காற்றுக் குழாய்கள் கெடுவது கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிறது. ரத்தக் குழாய்கள் கெடுவதோ சந்தடியில்லாமல் நடக்கிறது. வீட்டில் யாரும் அறியாமல் சுவருக்குள் கரையான் அரிப்பதைப்போல் அது நடந்து, கடைசியில் இருதயத்தில் வந்து நிற்கிறது. ஸி. ஓ. பி. டி. என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் மூச்சடைப்பு நோய் ஒன்றினால் மட்டும் 2021-ஆம் ஆண்டில் உலகத்தில் 35 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பலருக்கு முடிவைக் கொண்டுவந்ததில் இந்த மறைவான சேதத்துக்கும் பங்கு உண்டு.

முதலில், நுரையீரலுக்குள் ரத்தம் ஓடுகிறது என்பதை மனிதன் கண்டுபிடித்த கதை. 13-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் நபீஸ் என்னும் அரபு வைத்தியர், இருதயத்தின் வலப் பக்கத்து ரத்தம் நுரையீரலைச் சுற்றிக்கொண்டுதான் இடப் பக்கத்துக்கு வரவேண்டும் என்று எழுதி வைத்தார். இங்கிலாந்து தேசத்து ஹார்வி 1628-இல் ரத்த ஓட்டத்தை முழுவதும் விளக்கிப் புத்தகம் வெளியிட்டார். ஆனால் ஒரு கண்ணி மட்டும் விட்டுப் போயிருந்தது. நாடியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படிப் போய்ச் சேருகிறது? ஹார்வி 1657-இல் காலமானார். நான்கு வருஷம் கழித்து, 1661-இல், இத்தாலியரான மால்பீகி ஒரு தவளையின் நுரையீரலைப் பூதக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். இரண்டையும் இணைக்கும் நூலிழைக் குழாய்கள் அங்கே வலைப் பின்னலாகத் தெரிந்தன. தந்துகிகள் என்று நாம் சொல்லுபவை முதன்முதலில் மனிதக் கண்ணுக்குப் புலப்பட்ட இடம் நுரையீரல்தான்.

அந்தப் பின்னலின் அமைப்பைக் கேட்டால் ஆச்சரியமாயிருக்கும். மனிதனுடைய நுரையீரலில் சராசரி 48 கோடி காற்றுச் சிற்றறைகள் இருப்பதாக 2004-இல் எண்ணிக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சிற்றறையின் சுவரையும் தந்துகிகள் போர்வைபோல் மூடியிருக்கின்றன. எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் 70 சதுர மீட்டருக்குக் குறையாது. அதாவது ஒரு நடுத்தரக் குடும்பம் குடியிருக்கும் வீட்டின் தரை முழுவதும் என்று சொல்லலாம். அவ்வளவு பெரிய பரப்பில் ஒரு சமயத்தில் இருக்கும் ரத்தமோ அரை டம்ளருக்கும் குறைவு. அரை டம்ளர் காப்பியை எடுத்து வீட்டுத் தரை முழுவதும் பூசுவதாய் எண்ணிப் பாருங்கள்! ரத்தம் அத்தனை மெல்லியதாகப் பரவியிருப்பதால்தான், ஒரு சிவப்பணு அங்கே தங்கும் முக்கால் விநாடிக்குள் கரியமில வாயுவை விட்டுப் பிராண வாயுவை ஏற்றிக்கொண்டு போக முடிகிறது. உண்மையில் அந்த வேலைக்குக் கால் விநாடியே போதும். மீதி அரை விநாடி, நாம் ஓடும்போதும் மாடிப்படி ஏறும்போதும் உதவுவதற்காக இயற்கை வைத்திருக்கும் சேமிப்பு.

இப்படிப்பட்ட நுட்பமான பின்னலில் ரத்தத்தை வேகமாக அடித்துத் தள்ளினால் கிழிந்து போகும். ஆகையால் இங்கே அழுத்தம் மிகக் குறைவு. கையில் பட்டை கட்டி டாக்டர் பார்க்கும் ரத்த அழுத்தம் 120-க்கு 80 என்றால், நுரையீரல் நாடியின் சராசரி அழுத்தம் சுமார் 14 மில்லிமீட்டர்தான். அதற்குத் தக்கபடியே இருதயத்தின் வலது அறையும் மெல்லிய சுவருடன் அமைந்திருக்கிறது. பலமான உழைப்புக்கு அது படைக்கப்படவில்லை. விஷயத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. நேயர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நுரையீரல் நாடிகளுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. தேகத்தின் மற்றப் பாகங்களில், பிராண வாயு குறைந்தால் ரத்தக் குழாய் விரிந்துகொடுக்கும். அந்த இடத்துக்கு அதிக ரத்தம் போகும். நுரையீரலில் மட்டும் நேர் விரோதமாக, பிராண வாயு குறைந்தால் குழாய் சுருங்குகிறது. ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகளான பான் ஆய்லரும் லில்யஸ்ட்ராண்டும் பூனைகளை வைத்துச் சோதித்து, 1946-இல் இதைத் தெளிவாக நிரூபித்தார்கள். காரணம் என்ன? தஞ்சாவூர் ஜில்லாவில் வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். தரிசாய்க் கிடக்கும் வயலின் மடையை அடைத்துவிட்டு, பயிர் நிற்கும் வயலுக்குத் தண்ணீரைத் திருப்புவதுதானே புத்திசாலித்தனம்? காற்று வராத சிற்றறைகளுக்கு ரத்தத்தை அனுப்பி என்ன பயன்? ஆகவே அந்த மடை அடைபடுகிறது. காற்றுள்ள பக்கத்துக்கு ரத்தம் திரும்புகிறது. சளிக் காய்ச்சலில் நுரையீரலின் ஒரு மூலை மட்டும் அடைத்துக்கொண்டால், இந்த யுக்தி நம்மைக் காப்பாற்றுகிறது.

ஆனால் எல்லா வயல்களும் தரிசாகிவிட்டால்? நாட்பட்ட நோயில் நடப்பது அதுவே. வருஷக் கணக்கில் நுரையீரல் முழுவதும் காற்றுக் குறைவாயிருந்தால், எல்லா மடைகளும் ஒரே சமயத்தில் பாதி அடைபட்டு நிற்கின்றன. அடைபட்டே நின்ற மடை கெட்டிப்பட்டும் போகிறது. குழாயின் தசை தடிக்கிறது; உட்புறத்தில் புதுத் தசையும் நாரும் வளர்ந்து வழியைக் குறுக்குகின்றன. பிறகு பிராண வாயு கிடைத்தாலுங்கூட அது முன்போல் திறப்பதில்லை. சராசரி அழுத்தம் 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை நோய் என்றே இக்காலத்து வைத்திய சாஸ்திரம் வரையறுக்கிறது. ஏற்றம் இறைத்துப் பழகாதவன் தலையில் ஏற்றத்தைக் கட்டினால் என்ன ஆகும்? இருதயத்தின் வலது அறை முதலில் தடிக்கிறது, பிறகு வீங்குகிறது, கடைசியில் தளர்ந்து போகிறது. முன்னே போகாத ரத்தம் பின்னே தேங்குகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது, கல்லீரல் கனக்கிறது, கால் வீங்குகிறது. நுரையீரலில் தொடங்கிய வியாதி கணுக்காலில் வந்து தன்னைத் தெரிவித்துக்கொள்கிறது!

காற்றுக் குறைவு மட்டுந்தான் காரணம் என்று வெகு காலம் நினைத்திருந்தார்கள். புகைக்கு நேரடியான கைவரிசை உண்டு என்பது பின்னால் தெரிந்தது. ஒவ்வொரு ரத்தக் குழாயின் உட்புறத்திலும் ஒரே வரிசை உயிரணுக்களாலான மெல்லிய படலம் இருக்கிறது. அது வெறும் பூச்சு அல்ல. குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவை அதுவே உண்டாக்குகிறது. இந்த உண்மையைத் துலக்கியதற்காக மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-இல் நோபெல் பரிசு கிடைத்தது. சிகரெட்டுப் புகை அந்தப் படலத்தைத் தாக்கி, அந்த வாயுவின் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. பார்ஸிலோனா நகரத்து ஆராய்ச்சியாளர்கள், வேறு காரணத்துக்காக அறுவை செய்து எடுத்த நுரையீரல் துண்டுகளைப் பரீட்சித்தபோது, மூச்சுப் பரிசோதனையில் எந்தக் குறையுமில்லாத புகைபிடிப்பவர்களிடத்திலும் நாடிகளின் உட்சுவர் தடித்திருக்கக் கண்டார்கள். "எனக்கு இருமல்கூடக் கிடையாது ஸார், சிகரெட்டு என்னை ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்லும் நண்பர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இனி 1959-ஆம் வருஷத்துக்கு வருவோம். அந்த ஒரே வருஷத்தில், உலகத்தின் இரண்டு கோடிகளிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றி இரண்டு முக்கியமான கட்டுரைகள் வெளியாயின.

ஒன்று அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த லீபோ என்பவர் எழுதியது. எம்பிஸீமா என்னும் நோயில் காற்றுச் சிற்றறைகளின் சுவர்கள் அழிந்து, பல சிற்றறைகள் ஒன்றாகிப் பெரிய பொந்துகள் ஆகிவிடுகின்றன. அந்தச் சுவர்களில் தந்துகிகள் மிக அருகியிருப்பதைக் கண்ட லீபோ, ரத்தம் குறைந்ததனாலேயே சுவர் அழிந்திருக்கலாமோ என்று சந்தேகித்தார். மரம் பட்டதனால் வேர் காய்ந்ததா, வேர் காய்ந்ததனால் மரம் பட்டதா என்னும் கேள்வி இது. விடைக்கு 40 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. ரத்தக் குழாய் வளர்வதற்கும் உயிரோடிருப்பதற்கும் ஊட்டம் தரும் ஒரு பொருள் நுரையீரலில் சுரக்கிறது, வி. இ. ஜி. எஃப். என்று அதற்குப் பெயர். எலிகளில் அந்தப் பொருளின் வேலையை மட்டும் ஒரு மருந்தினால் தடுத்துப் பார்த்தார்கள். புகை இல்லை, கிருமி இல்லை. எனினும் மூன்று வாரத்தில் சிற்றறைச் சுவர்கள் அழிந்து எம்பிஸீமா உண்டாகிவிட்டது. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது. மறு வருஷமே, எம்பிஸீமாவால் கெட்ட மனித நுரையீரல்களிலும் அந்தப் பொருள் குறைந்திருப்பதைக் கண்டார்கள். வேர் காய்ந்தாலும் மரம் படும் என்பது இவ்வாறு ருஜுவாயிற்று.

மற்றொரு கட்டுரை டில்லியிலிருந்து வந்தது. அதை எழுதிய இருவரில் முதல்வர் டாக்டர் எஸ். பத்மாவதி அம்மையார். 1917-இல் பர்மாவில் பிறந்து, ரங்கூனில் வைத்தியம் படித்தவர். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது தாயாருடனும் சகோதரிகளுடனும் கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்தார். பிறகு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மேல் படிப்பு முடித்து, 1953-இல் டில்லி லேடி ஹார்டிஞ்ச் வைத்தியக் கல்லூரியில் அமர்ந்தார். இருதயத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளக்கும் முறை அப்போது புதிது. 1929-இல் ஜெர்மானிய டாக்டர் பார்ஸ்மன் தம்முடைய கை நரம்பு வழியாகவே குழாயைச் செலுத்திப் பார்த்துத் தொடங்கிய முறை அது. அந்த வசதியை டில்லியில் நிறுவிய முன்னோடிகளில் அம்மையார் ஒருவர்.

நுரையீரல் நோயால் இருதயத்தின் வலப் பக்கம் பழுதான 127 நோயாளிகளை அவர் ஆராய்ந்தார். மேல் நாட்டுப் புத்தகங்களைப் படித்தால், இது பெரும்பாலும் புகைபிடிக்கும் வயதான ஆண்களின் வியாதி என்று தோன்றும். டில்லியில் அவர் கண்டதோ வேறு. ஸ்திரீகளுக்கும் இந்த நோய் ஏறக்குறைய ஆண்களைப் போலவே வந்தது. அதுவும் இளைய வயதில் வந்தது. அவர்களில் புகைபிடிப்பவர்கள் மிகச் சிலரே. அப்படியானால் புகை எங்கிருந்து வந்தது? அடுப்பிலிருந்து. ஜன்னல் இல்லாத சமையலறையில், வரட்டியும் விறகும் எரிய, கண்ணைக் கசக்கிக்கொண்டு தினம் பல மணி நேரம் உட்கார்ந்திருந்ததுதான் அவர்கள் பிடித்த சிகரெட்டு! தம் புருஷனுக்கும் குழந்தைகளுக்கும் சோறாக்கிப் போட்டதைத் தவிர வேறொரு குற்றமும் அறியாதவர்கள், அந்தச் சோற்றின் விலையைத் தங்கள் நெஞ்சிலிருந்து கொடுத்தார்கள். அது தெரியாமல் எத்தனை வீடுகளில், "அம்மாவுக்கு வயதாகிவிட்டது, நாலடி நடந்தால் மூச்சு வாங்குவது சகஜந்தானே" என்று சொல்லியிருப்பார்கள்! பத்மாவதி அம்மையார் 103 வயது வரை வாழ்ந்து, 2020-ஆம் வருஷத்தில் காலமானார். அவர் உயிரைக் கொண்டுபோன கோவிட் நோயும் நுரையீரலின் ரத்தக் குழாய்களைத் தாக்கும் வியாதியே என்பது விதியின் விளையாட்டு.

இவ்வளவும் சேதத்தின் கதை. பழுது பார்க்கும் வேலை நடப்பதில்லையா? நடக்கிறது. நுரையீரல் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் சக்தியை அடியோடு இழப்பதில்லை. தந்துகிகளில் இரண்டு வகை உயிரணுக்கள் இருப்பதாக 2020-இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். ஒரு வகை, அகன்று மெலிந்து, வாயுக்கள் மாறுவதற்கு இடம் கொடுப்பது. மற்றொரு வகை, குழாயின் இறுக்கத்தைக் கவனித்துக்கொள்வதோடு, சேதம் நேர்ந்தால் தான் பெருகி இரண்டு வகையையும் புதிதாக உண்டாக்கிக் கொடுப்பது. நாற்றங்காலைப் போன்றது இது. வயலில் பயிர் கெட்டால் இங்கிருந்து நாற்றுப் பிடுங்கி நடலாம். சுண்டெலிகளின் நுரையீரலில் இந்தச் செப்பனிடும் வேலையைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறார்கள். மனித நுரையீரலிலும் அதே இரண்டு வகைகள் உள்ளன. ஆனால் நாற்றங்காலிலேயே தினந்தோறும் நெருப்பை வைத்தால் எந்த நாற்று பிழைக்கும்? புகை நிற்காத வரையில் செப்பனிடும் வேலை சேதத்தின் பின்னால் ஓடி ஓடித் தோற்கிறது.

அழிந்த சுவரை மறுபடி கட்ட மருந்து உண்டா என்றால், இன்று வரை மனிதரிடத்தில் பலித்த மருந்து ஒன்றும் இல்லை. 1997-இல் வைட்டமின் ஏ-யிலிருந்து பெறும் ஒரு பொருள் எலிகளின் எம்பிஸீமாவைச் சரிசெய்ததாகத் தெரிந்து பெரிய நம்பிக்கை பிறந்தது. மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க பயன் ஏற்படவில்லை. சரி, குழாய்களை விரித்துவிடும் மருந்தையாவது கொடுக்கலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு சங்கடம். எல்லா மடைகளையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் தரிசு வயலுக்கும் தண்ணீர் பாயும் அல்லவா? காற்றில்லாத சிற்றறைகளுக்கு ரத்தம் போய், பிராண வாயு முன்னைவிடக் குறையலாம். நுரையீரல் தழும்பேறும் நோயில் முகர்ந்து உட்கொள்ளும் ஒரு மருந்து நன்மை செய்து, அமெரிக்காவில் 2021-இல் அநுமதி பெற்றது. அதே மருந்தை ஸி. ஓ. பி. டி. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது தீங்கு தென்பட்டதால், சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஒரு வீட்டுப் பூட்டின் சாவி மற்றொரு வீட்டுக்குச் சேராது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டும் அப்படியே.

நிச்சயமாகப் பயன் தரும் சிகிச்சை ஒன்று உண்டு. ரத்தத்தில் பிராண வாயு மிகவும் குறைந்துவிட்ட நோயாளிகள் 87 பேரை இங்கிலாந்தில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தினம் 15 மணி நேரம் பிராண வாயு கொடுத்தார்கள். ஐந்து வருஷத்தில், பிராண வாயு பெற்ற 42 பேரில் 19 பேர் இறந்தார்கள். பெறாத 45 பேரில் 30 பேர் இறந்தார்கள். 1981-இல் வெளிவந்த கணக்கு இது. பிராண வாயு கிடைத்தவர்களிடம் நுரையீரல் நாடியின் அழுத்தமும் ஏறாமல் நின்றது. மடை முழுவதும் திறக்காவிட்டாலும் மேலும் இறுகவில்லை. ஆனால் கொஞ்சமாகக் குறைந்தவர்களுக்கு இதனால் ஆயுளும் கூடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போவதும் குறையவில்லை என்று 2016-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனை காட்டியது. ஆகவே, பணம் இருக்கிறதென்று யந்திரத்தை வாங்கி வைத்துக்கொள்வது வைத்தியம் ஆகாது. ரத்தத்தை அளந்து பார்த்து டாக்டர் சொல்லவேண்டும்.

நம் வீடுகளில் செய்யவேண்டியது என்ன? முதலாவது, புகையை நிறுத்துவது. புகைபிடிப்பதை எந்த வயதில் விட்டாலும், போனது திரும்பி வராவிட்டாலும், போகும் வேகம் குறைந்துவிடுகிறது. 50 வயதில் விடுவது 60 வயதில் விடுவதைக் காட்டிலும் லாபம். இரண்டாவது, சமையலறை. பெரும்பாலான பட்டணத்து வீடுகளில் இப்பொழுது காஸ் அடுப்பு வந்துவிட்டது. கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கும் காஸ் இணைப்புக் கொடுக்கும் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டது. எனினும் சிலிண்டர் வாங்கப் பணமில்லாத மாதத்தில் பழைய விறகடுப்பு மறுபடியும் புகைகிறது. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் தன் வீட்டில் எதில் சமைக்கிறாள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? வெந்நீருக்கு மட்டும் கொல்லைப்புறத்தில் விறகு எரிக்கும் வீடுகளும் உண்டு. அந்த வேலை பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்கள் தலையில்தான் விழுகிறது.

மூன்றாவது, மூச்சு வாங்குவதை வயதின் கணக்கில் எழுதாமல் இருப்பது. வயதானால் தலை நரைக்கும், பார்வை மங்கும். ஆனால் வாசலிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் தாயார் இரண்டு முறை நின்று மூச்சு விட்டால், மாலையில் அவர் கணுக்காலில் விரலால் அழுத்திய இடம் குழியாகவே நின்றால், உதடு நீலம் பாரித்தால், அதற்கு வயது மட்டும் காரணம் அல்ல. ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனையும், ஒலியலையால் இருதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனையும் இன்று பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் செய்கிறார்கள். இரண்டும் வலியில்லாதவை. அத்துடன், டாக்டரின் யோசனைப்படி நடந்து பழகும் தேகப் பயிற்சி, இந்நோயாளிகளின் மூச்சுத் திணறலைக் குறைப்பதாக நன்கு நிரூபணமாகியிருக்கிறது. "நடக்காதே, படுத்துக்கொள்" என்று அன்பினால் சொல்லும் வார்த்தை அவர்களுக்கு நன்மை செய்வதில்லை.

அம்மா, பாட்டி, அத்தை இவர்களெல்லாம் தாங்களாக வந்து, "எனக்கு மூச்சு முட்டுகிறது, டாக்டரிடம் அழைத்துப் போ" என்று கேட்கமாட்டார்கள். "எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றுதான் சொல்லுவார்கள். கேட்கவேண்டியவர்கள் நாம். இந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ கடைக்கோ அவர்களை அழைத்துக்கொண்டு போகும்போது, நேயர்கள் கொஞ்சம் மெதுவாக, அவர்களோடு அடி சேர்த்து நடந்து பார்க்கட்டும். அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எத்தனை முறை நிற்கிறார்கள் என்பதைக் கவனித்து வந்து டாக்டரிடம் சொன்னால், அவர் முதலில் கேட்கப்போகும் கேள்விக்கு விடை கையில் இருக்கும்.